ஆளைப் பார்த்து வரைகிறவள்

ஒரு ஆளுக்கு ஆபீஸ் வரைந்து கொடுக்க வேண்டுமென்றால் அவள் முதலில் டேப்பை எடுக்கமாட்டாள். சாயா கேட்பாள். "அவசரம் ஒண்ணும் இல்ல, பைய வரட்டு" என்பாள். சாயா வரும் வரைக்கும், வந்தது ஆறும் வரைக்கும், எதிரே இருக்கிற ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். போனை எந்தக் கையில் எடுக்கிறார், பேசும்போது மேசையில் எதைத் தொட்டுக்கொண்டிருக்கிறார், யாராவது உள்ளே வந்தால் நிமிர்ந்து பார்க்கிறாரா. அறையின் நீள அகலமெல்லாம் அப்புறம்தான்.

"சுவரு எங்க ஓடிப்போகப் போவுது அண்ணே? அது அங்கதான் நிக்கும். நாம டேப்பை நீட்டினதும் ஆளுதான் வேற ஆளா மாறிருவாரு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

நான் லிப்ட் மாட்டுகிறவன். கத்தாரில் பதினாலு வருஷம் அந்த வேலைதான். ஊருக்குத் திரும்பி நாகர்கோவிலில் ஒரு குடோனை வாடகைக்கு எடுத்து, வீடுகளுக்கும் சின்னக் கட்டிடங்களுக்கும் லிப்ட் போட்டுக் கொடுக்க ஆரம்பித்திருந்தேன். அந்தக் குடோனுக்கு மேலே இருந்த அறையில் அவள் ஒரு கம்ப்யூட்டரும் இரண்டு திரைகளும் வைத்து ஆபீஸ் நடத்தினாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள். கடற்கரைப் பிள்ளை. அப்பா வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். கட்டிடக்கலை படித்து, துபாயில் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் கம்ப்யூட்டரில் கட்டிட மாடல் செய்துகொண்டிருந்துவிட்டு வந்திருந்தாள். ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று கேட்டேன். "பாக்காத ஆளுக்கு, போகாத இடத்துல, நாற்காலி வரைஞ்சு வரைஞ்சு அலுத்துப் போச்சு அண்ணே" என்றாள்.

அவள் மாடல் செய்கிற மென்பொருளைத் திறந்தால், அளவு தெரிவதற்காக ஒரு மனித உருவம் தானாகவே வந்து நிற்கும். கோட்டு போட்ட ஆறடி வெள்ளைக்காரன். புது வேலை தொடங்கும்போது அவள் செய்கிற முதல் காரியம் அவனை அழிப்பதுதான். "போ மக்கா, ஒனக்கு இங்க ஜோலி இல்ல" என்று சொல்லிக்கொண்டே அழிப்பாள். அந்த இடத்தில், யாருக்காக வரைகிறாளோ அந்த ஆளைச் செய்து நிறுத்துவாள். முகம் இருக்காது. உயரம், கூன், தொப்பை, சேலைக்கட்டு, ஒருபக்கம் சாய்ந்த நடை எல்லாம் இருக்கும். முகமே இல்லாத அந்த உருவத்தைப் பார்த்து, "அய்யோ, இது எங்க மாமியாருல்லா!" என்று ஒரு மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் கண்டிருக்கிறேன்.

அந்த மாமியாருக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து முதல் லிப்டைப் போட்டோம். மார்த்தாண்டம் பக்கம் ஓய்வுபெற்ற ஒரு டீச்சர். மூட்டுவலி. சொந்த வீட்டின் மாடிக்கு ஏறி வருஷங்கள் ஆகியிருந்தன. மகன் வெளிநாட்டிலிருந்து லிப்ட் போடச் சொல்லிவிட்டார். ஆனால் டீச்சருக்கு லிப்ட் என்றாலே நடுக்கம். "மூடின பெட்டிக்குள்ள நான் ஏறமாட்டேன்" என்று ஒரே பிடியாக நின்றார். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த லிப்டாகப் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். கத்தாரில் அப்படித்தான் செய்வோம்.

அவள் டீச்சரை ஆட்டோவில் குடோனுக்கு அழைத்து வந்தாள். தரையில் சாக்பீஸால் லிப்ட் அளவுக்கு ஒரு கட்டம் வரைந்தாள். "இதான் டீச்சர் லிப்ட். உள்ள ஏறி நில்லுங்க." டீச்சர் சிரித்துக்கொண்டே கட்டத்துக்குள் நின்றார். அவள் வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடம், மழை, பேரப்பிள்ளைகள். கொஞ்ச நேரத்தில் டீச்சர் தன்னையறியாமல் பின்னால் நகர்ந்து நகர்ந்து கட்டத்தின் மூலைக்குப் போய்விட்டார். அவர் கை பின்பக்கமாக நீண்டு, அங்கே இல்லாத ஒரு சுவரைத் தேடியது.

டீச்சர் போனதும் அவள் என்னிடம் சொன்னாள்: "கண்ணாடி வேண்டாம் அண்ணே. மூடிக் கெடக்கது இல்ல டீச்சருக்குப் பயம். முதுகுக்குப் பின்னால ஒண்ணும் இல்லன்னாத்தான் பயம்."

பின்சுவருக்குப் பலகை அடித்து மெத்தை வைத்தோம். டீச்சர் கை நீண்ட அதே உயரத்தில் ஒரு கம்பி. வெளியே பார்க்க ஒரு பக்கம் மட்டும் ஒடுக்கமான கண்ணாடி. முதல் நாள் டீச்சர் தனியாக ஏறி மொட்டைமாடி வரைக்கும் போனார். அரைமணி நேரம் ஆளைக் காணவில்லை. நாங்கள் கீழே பதறிக்கொண்டிருந்தோம். மருமகள் காயப்போட்டிருந்த துணிகளையெல்லாம் மடித்துக் கையில் ஏந்திக்கொண்டு இறங்கி வந்தார்.

இதெல்லாம் எங்கே படித்தாய் என்று கேட்டேன். "எங்கம்மைகிட்ட இருந்துதான் அண்ணே. மீன் கடவத்தைத் தலையில இருந்து எறக்கி வைக்கும்போதே, வாசல்ல வந்து நிக்க பொம்பளைக்கு இன்னைக்கு நெத்தோலி போதுமா, சீலா வேணுமான்னு அவளுக்குத் தெரியும்" என்றாள்.

எல்லாருக்கும் இது பிடிக்கும் என்று சொல்லிவிட முடியாது. கருங்கல் என்கிற ஊரில் ட்ராவல்ஸ் நடத்துகிற ஒருவர் மந்திரி அறை மாதிரி ஒரு ஆபீஸ் கேட்டார். பெரிய மேசை, உயரமான முதுகு வைத்த நாற்காலி. அவள் மறுபேச்சு இல்லாமல் கேட்டபடியே செய்தாள். நாற்காலியில் அவர் உருவத்தை உட்கார வைத்து, வாசலில் நின்று பார்த்தால் எப்படித் தெரியும் என்று திரையில் காட்டினாள். மேசைக்கு மேலே ஒரு தலை மட்டும் தெரிந்தது. அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "யோசிச்சிட்டுச் சொல்லுகேன்" என்று எழுந்து போனவர் அந்த வேலையை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அவள் அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. நான்தான் போன பணத்தை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.

பத்மநாபபுரம் கோர்ட்டுக்குப் போகிற ஒரு வக்கீலம்மாவுக்கு அவள் வரைந்த ஆபீஸ் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. அந்த அம்மாவால் உட்கார்ந்து பேச முடியாது. நடந்துகொண்டேதான் யோசிப்பார். அவள் மேசையைச் சுருக்கி ஓரமாகத் தள்ளிவிட்டு, கேஸ் கட்டுகள் அடுக்கிய அலமாரிகளுக்கு முன்னால் நீளமாக நடப்பதற்கு இடம் விட்டாள். வருகிற கட்சிக்காரர்களுக்கு உள்ள நாற்காலியை மட்டும் வாசலுக்கு முதுகு காட்டி, ஜன்னலைப் பார்த்துப் போட்டாள். வக்கீலம்மா காரணம் கேட்டார். "இங்க வாற பொம்பளைக பாதிப்பேரு அழுவாங்க மேடம். வெளிய காத்து நிக்கவங்க கண்ணுல அந்த முகம் பட வேண்டாம்" என்றாள்.

இப்படிப் பார்க்கிற கண் நம் பக்கம் திரும்பும்போது அது வேறு மாதிரி இருக்கும். எனக்கு அது நடந்தது.

ஒருநாள் குடோனில் வேலை செய்துகொண்டிருந்தோம். சாதாரணமாகக் கேட்பது போலத்தான் கேட்டாள்: "அண்ணே, லிப்டுக்குள்ள போகுமுன்னால நீங்க எப்பவும் ஒருதடவை காலால தரையைத் தட்டிப் பாக்கியோ. நீங்களே மாட்டின லிப்டுலயும் தட்டுகியோ. என்ன காரியம்?"

கத்தாரில் என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்தவன் ஒருநாள் பேசிக்கொண்டே, திறந்த கதவுக்குள் காலை வைத்தான். கதவு திறந்திருந்தது, கேபின் அங்கே இல்லை. நான் அவனுக்கு ஓரடி பின்னால் வந்துகொண்டிருந்தேன். இதை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. என் கால் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியாது.

"ஒனக்கு வேற வேலை இல்லியா பிள்ளே? வரையிற வேலையை மட்டும் பாரு" என்று கத்திவிட்டேன். இரண்டு நாள் மாடிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் நானே போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் வரைந்த எல்லா லிப்டிலும், கேபின் தரையின் வாசல் ஓரத்தில் மெல்லிய விளக்குக் கோடு ஒன்று இருந்தது. கதவு திறந்ததும் கால் வைக்கிற இடம் வெளிச்சமாகத் தெரியும். வாடிக்கையாளர்கள் அதை ஒரு அழகு என்று நினைத்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் இங்கே இல்லை. கணவருக்குக் கொச்சியில் வேலை மாறியது, குடும்பத்தோடு போய்விட்டாள். கிறிஸ்மசுக்கு ஒரு போன் வரும், அவ்வளவுதான். அவள் இங்கே இருந்த கடைசி வருஷங்களில் எத்தனையோ நல்ல வேலைகளை வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள். துபாயிலும் லண்டனிலும் இருந்து வீடியோவில் பேசி ஆபீஸ் வரையக் கேட்பார்கள். "வீடியோவுல முகந்தான் தெரியும். காலு தெரியாதே" என்று விட்டுவிடுவாள். ஊருக்கு வரும்போது நேரில் வரச் சொல்லுவாள். அது கிறுக்குத்தனம் என்று பலபேர் என்னிடம் சொன்னார்கள். அவள் ஏன் அப்படி ஆனாள் என்பது எனக்குத் தெரியும். அதற்கு நானும் ஒரு காரணம்.

வடசேரி பக்கம் இரண்டு சகோதரர்கள் டைல்ஸ், பைப்பு, குளியலறைச் சாமான்கள் விற்கும் கடை வைத்திருந்தார்கள். பழைய கடையை இடித்துவிட்டு மூன்று மாடிக் கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தது. தம்பிதான் எங்களிடம் வந்தார். உள் வேலை முழுக்க அவளுக்கு, லிப்ட் எனக்கு. பிடித்துப்போனால் கருங்கல் ஊரில் கட்டப்போகிற இன்னொரு கடையும் எங்களுக்குத்தான் என்றார். அந்த அளவு வேலை எங்கள் இருவருக்குமே அதுவரை வந்ததில்லை.

தம்பியோடு ஒருநாள் முழுக்க இருந்து அவருடைய அறையை அவள் வரைந்துவிட்டாள். அண்ணனைப் பார்க்க வேண்டும் என்றாள். அண்ணன் கண் ஆபரேஷன் முடிந்து திருநெல்வேலியில் மகள் வீட்டில் இருந்தார்.

"அண்ணனுக்கு நான் சொன்னாப் போதும்" என்றார் தம்பி. "வயசு அறுபத்தஞ்சு ஆச்சு. இனி அவருக்கு ரெஸ்டு வேணும். சத்தம் ஆகாது. மூணாவது மாடியில அமைதியா, நல்லா ராஜா மாதிரி ஒரு ரூம் போட்டுக் குடு. லிப்டுலயும் அவரு இருந்து போறமாதிரி ஒரு இருக்கை வச்சிரு."

வெளியே வந்ததும் அவள் தயங்கினாள். "ஒருதடவை திருநெல்வேலிக்குப் போயிட்டு வந்திருவோமா அண்ணே?"

கட்டிடக்காரர் லிப்ட் குழிக்கு அளவு கேட்டு என்னை நெருக்கிக்கொண்டிருந்தார். "கூடப்பிறந்த தம்பியை விட ஒனக்கா அவரைப் பத்தித் தெரியப்போவுது? வரைஞ்சு குடு மக்கா" என்றேன். அவள் சரி என்றாள்.

அன்றைக்குத்தான், நான் பார்த்தவரையில் முதல்தடவையாக, நேரில் பார்க்காத ஒரு ஆளின் உருவத்தை அவள் மாடலில் நிறுத்தினாள். அறை என்னவோ அற்புதமாக வந்தது. தேக்குப் பலகை, சத்தம் உள்ளே வராத கண்ணாடி, ஜன்னலைத் திறந்தால் தூரத்தில் மலை. லிப்டில் மடித்து விரிக்கிற இருக்கை, அதற்குப் பக்கத்தில் கைப்பிடி. திறப்பு விழாவில் எல்லாரும் புகழ்ந்தார்கள். அண்ணன் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு ஓரமாகச் சிரித்தபடி நின்றார்.

மூன்று மாதம் கழித்துத் தம்பி போன் செய்தார். லிப்ட் கதவு இழுத்து இழுத்து மூடுகிறதாம். வேலை முடித்த இடங்களை மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் போய்ப் பார்ப்பது அவள் வழக்கம். அதனால் கூடவே வந்தாள். நான் முதலில் படியேறி மேலே போய் லிப்டின் கன்ட்ரோல் பெட்டியைத் திறந்து பார்த்தேன். லிப்ட் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று அதில் ஒரு கணக்கு இருக்கும். என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. இரண்டு வருஷத்தில் ஓட வேண்டிய ஓட்டத்தை மூன்று மாதத்தில் ஓடி முடித்திருந்தது. ஒரு டைல்ஸ் கடையில் இப்படி ஏறி இறங்குவது யார்?

கீழே வந்து பொத்தானை அமுக்கினோம். கதவு திறந்தது.

இருக்கையை விரித்துப்போட்டு அண்ணன் உள்ளே இருந்தார். கைப்பிடியில் பிளாஸ்க் ஒன்று தொங்கியது. மடியில் பேப்பர். பக்கத்தில் ஒரு கொத்தனார் குனிந்து அவருடைய வலது செவியில் எதையோ சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்களுக்குப் பின்னால் இருந்து ஒரு வாடிக்கையாளர் உள்ளே நுழைந்து, "ரெண்டாவது மாடிப்பா" என்றார். அவரை லிப்ட்காரர் என்று நினைத்துவிட்டார். அண்ணன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கையை நீட்டிப் பொத்தானை அமுக்கினார்.

அவளும் உள்ளே போனாள். நான் கதவு ரோலரை மாற்ற வேண்டும், லிப்டை நிறுத்தட்டுமா என்று கேட்டேன். அவள் தலையை அசைத்து வேண்டாமென்றாள். அன்று காலை முழுவதும் அந்த லிப்ட் அவர்கள் இரண்டு பேரையும் ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் எனக்குப் பேச்சின் ஒரு துண்டு கேட்கும்.

"மேல ரூமு வசதியா இல்லியா ஐயா?"

"கொள்ளாம் மக்கா. நல்ல ரூமு. ராசா மாதிரி இருக்கலாம். ஆனா ராசாவைப் பாக்க யாரு அத்தனை மாடி ஏறி வாறா? இங்கன்னா ஆளு வரும்."

அடுத்ததடவை திறந்தபோது, "நாப்பது வருசமா கொத்தனாருக்கும் பிளம்பருக்கும் நடுவுல இருந்தவன் நான். சத்தத்துக்குள்ள இருந்தாத்தான் எனக்கு இந்த ஒத்தைச் செவியாவது கேக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவருக்கு இடது செவி சின்ன வயதிலேயே போய்விட்டது. எங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவள் லிப்டிலிருந்து இறங்கி என்னிடம் வந்தாள். "பாதி செவி கேக்காத மனுசனுக்கு எதுக்கு அண்ணே சத்தமில்லாத ரூமு?" என்றாள். "நான் அவருக்கு ஆபீஸ் வரையல்ல. ஆளைக் கொண்டுபோய் மேல வச்சுப் பூட்டிட்டு தாக்கோலைத் தம்பி கையில குடுத்திருக்கேன்."

நேராகத் தம்பியின் அறைக்குப் போனாள். தம்பி கெட்டவர் இல்லை. பொறுமையாகத்தான் பேசினார். "கீழ இருந்தார்னா கொத்தனாருங்க கூட்டம் கூடும். ஒரு பைப்புக்கு அரைமணி நேரம் கதை பறைவாரு. ஷோரூமுக்குக் காருல வாற பார்ட்டிக்கு அது சரிப்படாது. அவரே ஒண்ணும் கேக்கல்ல. ஒனக்கு என்ன?"

அதுவும் உண்மைதான். அண்ணன் கேட்கவில்லை. அவள் லிப்டில் வைத்துக் கேட்டபோதும், "தம்பிகிட்ட நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல மக்கா. இனியும் கேக்க வச்சிராதே. அவன் நல்லா இருக்கட்டு" என்று சொல்லியிருந்தார்.

ஒரு வாரம் அவள் வேறு வேலை எதையும் தொடவில்லை. பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு லேப்டாப்புடன் தம்பியிடம் போனாள். "ஒரு சின்னப் படம் சார். அஞ்சு நிமிசம்" என்றாள்.

திரையில் மூன்றாம் மாடி அறை வந்தது. அண்ணனின் நாற்காலியில் இருந்து, அவருடைய கண் உயரத்தில் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி. எதிரே மூடிய கதவு. சுவரில் கடிகாரம். ஜன்னல் வெயில் தரையில் விழுந்து கிடந்தது. அவ்வளவுதான். ஒரு நிமிஷம் ஆயிற்று.

"ஹேங் ஆயிட்டா?" என்றார் தம்பி.

"இல்ல சார். ஓடிட்டுத்தான் இருக்கு. கடிகாரத்தைப் பாருங்க."

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து, பதினொன்று. தரையில் கிடந்த வெயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி ஜன்னல் பக்கம் போயிற்று. கதவு திறக்கவில்லை. பன்னிரண்டு. ஒரு மணி. கதவு திறக்கவில்லை. இரண்டு மணி ஆகும்போது தம்பி எழுந்து லேப்டாப்பை அறைந்து மூடினார்.

"நீ டிசைன் பண்ண வந்தியா, எங்க குடும்பத்துக்குள்ள கலகம் பண்ண வந்தியா?"

"ரெண்டும் இல்ல சார். நான் செய்த தப்பைக் காட்ட வந்தேன். ஆளைப் பாக்காம வரைஞ்சது நான். கீழ அவருக்கு ஒரு இடம் வரைஞ்சிருக்கேன், அதையும் ஒருக்கா பாத்திருங்க" என்று ஒரு பென் டிரைவை மேசையில் வைத்தாள். தம்பி அதைத் தொடவில்லை. கருங்கல் ஊர்க் கடை வேலை எங்களுக்கு இல்லை என்று அன்று சாயங்காலமே ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்.

எனக்கு அவள்மேல் கோபம் இல்லையென்று சொன்னால் பொய். வரும்வழியில், "ஒனக்கு இதெல்லாம் தேவையா?" என்று கேட்டேன். கொஞ்ச தூரம் போனபிறகு வேறு ஒன்றைச் சொன்னாள். "அந்தத் தம்பி ஒரு காரியத்தைத் தீர்மானிக்கும்போதெல்லாம் இடதுபக்கம் திரும்பிப் பாக்காரு அண்ணே. அங்க சுவருதான் இருக்கு. பழைய கடையில அந்தப் பக்கத்துலதான் அண்ணன் இருந்திருக்கணும். அவருக்கும் நான் ரூமைத் தப்பாத்தான் வரைஞ்சிருக்கேன்."

ஒரு மாதம் கழிந்திருக்கும். தம்பியிடமிருந்து எனக்கு ஒரு போன். லிப்ட் ஏதாவது நின்றுவிட்டதோ என்று ஓடினேன். மூன்றாம் மாடிக்கு வரச் சொன்னார். அண்ணன் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தார். அண்ணனுடைய நாற்காலியில் தம்பி தனியாக இருந்தார். கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பத்து மணிக்கு வந்து இருந்தேன் வோய். போனைக்கூட கீழதான் வச்சிட்டு வந்தேன். இப்போ உம்மைக் கூப்பிடத்தான் போய் எடுத்துட்டு வந்தேன். மணி என்ன?"

"ஒண்ணு ஆகப்போவுது."

"ஒரு ஆளு வரல்ல." நாற்காலியை விட்டு எழுந்தார். "அந்தப் பிள்ளை குடுத்ததை எங்கேயோ போட்டுட்டேன். இன்னொருக்கா தருவாளான்னு கேளும்."

அவள் வரைந்திருந்தது இதுதான். கீழ்த்தளத்தில் பின்பக்கமாக, லிப்டை ஒட்டி, மூன்று பக்கமும் திறந்த ஒரு இடம். அண்ணனுக்கு ஒரு மேசை. வருகிறவர்கள் உட்காருவது எல்லாம் அவருடைய வலது செவிப் பக்கம். வண்டி நிறுத்துகிற சந்திலிருந்து அந்த இடத்துக்கு நேராக ஒரு வாசல், கொத்தனார்கள் ஷோரூமைச் சுற்றாமல் வந்து போகலாம். தம்பியின் அறையைக் கீழே கொண்டுவந்து, இடதுபக்கச் சுவரை எடுத்துவிட்டுக் கண்ணாடி வைத்திருந்தாள். அங்கிருந்து திரும்பினால் அண்ணன் தெரிவார்.

வேலை முடிந்து மூன்று மாதம் ஆனதும் வழக்கம்போலச் சொல்லாமல் போனோம். சந்து வாசல் வழியாக உள்ளே நுழைந்தால் ஒரே சத்தம். மேசையைச் சுற்றி ஆட்கள். ஒருவர் தரையில் காகிதத்தை விரித்து வீட்டுக் கழிவுநீர்க் குழாய் எப்படிப் போகவேண்டும் என்று கோடு போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் அண்ணன் முன்னாலேயே ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கையில், வளைவில் பைப்பை இணைக்கிற ஒரு முழங்கைத் துண்டை வைத்துக்கொண்டு அதைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி யாரிடமோ போனில் பேசிக்கொண்டே தலையை இடதுபக்கம் திருப்பினார். அண்ணன் பார்க்காமலே கையை ஆட்டி வேண்டாமென்றார். தம்பி போனில் வேண்டாமென்று சொன்னார்.

அவள் கூட்டத்துக்கு வெளியே நின்று ஒரு கும்பிடு போட்டாள். அண்ணன் அவளைக் கண்டார். முகம் மலர்ந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

"வா மக்கா. கொஞ்சம் இரி, முன்னால ஆளு நிக்கியாங்க" என்று சொல்லிவிட்டு, பைப்பு முழங்கையோடு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

பெஞ்சில் ஒரு பிளம்பர் நகர்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார். "நீங்க வீடு கெட்டுதியளா?" என்று விசாரித்தார். அவள் இல்லை என்று சொல்லிச் சிரித்தாள். கால்மணி நேரம் ஆயிற்று, அரைமணி நேரம் ஆயிற்று. அண்ணன் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு வேறு இடத்தில் வேலை கிடந்தது. போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுவோம், உன்னை உள்ளே விடமாட்டார்களா என்றேன்.

"வேண்டாம் அண்ணே" என்று எழுந்தாள். அவள் எழுந்த இடத்தில் புதிதாக வந்த ஒரு ஆள் சட்டென்று உட்கார்ந்துகொண்டார். சந்தில் இறங்கி வண்டியை எடுக்கும்போது அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள்.

"எனக்கு முன்னால பதினோரு பேரு அண்ணே" என்றாள்.

வண்டியில் ஏறி, வடசேரி முக்குத் திரும்பினபிறகு இன்னொருதடவையும் சொன்னாள். "பதினோரு பேரு."